வாடகை வீடு பணம் காய்க்கும் மரமா?

"வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டால் போதும். காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வாடகை வீடும் ஒரு தொழில்தான். கவனித்தால்தான் காசு வரும்.

வட சென்னையைப் பாருங்கள். 1856-ல் ராயபுரத்தில் இருந்து ரெயில் ஓடத் தொடங்கியது. துறைமுகம் வளர்ந்தது. பிறகு திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டி, லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கு இடம் வேண்டுமே! சந்துக்குச் சந்து ஒண்டுக் குடித்தனங்கள் பெருகின. 2021-ல் மெட்ரோ ரெயிலும் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் என்ன?" என்ற ஆசை வீட்டுக்காரர்களுக்கு வருவது இயல்பு.

கணக்குப் போடுங்கள்

மாத வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் 500 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். குடித்தனக்காரரால் முடியவில்லை. காலி செய்கிறார். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கிறது. நஷ்டம் 16,000 ரூபாய்! மாதம் 500 வீதம் இதை ஈடுகட்ட 32 மாதம் ஆகும். வெள்ளையடிக்கும் செலவும் தரகர் கூலியும் தனி.

அந்தப் பக்கம், ஒரு குடும்பம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாகிறது. இருவருக்கும் லாபம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாய்ப் பேச்சு போதாது. ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வாடகைக்கு ரசீது தர வேண்டும். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

குடித்தனக்காரருக்கும் கடமை உண்டு. வாடகையைக் காலத்தில் கொடுக்க வேண்டும். குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றுவதும், சாக்கடை அடைத்தால் சுத்தம் செய்வதும் அவர் பொறுப்பு. சுவர், கூரை, வெள்ளையடிப்பு ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் இதையும் தெளிவாக எழுதிக்கொள்வது நல்லது.

கடலோரத்தில் இது மிக முக்கியம். உப்புக் காற்று கம்பியை அரிக்கும். காரை பெயர்ந்து விழும். இன்று சிறு விரிசலை அடைக்க யோசிப்பவர், நாளை கூரையையே மாற்ற நேரிடும். ஆகவே, வரும் வாடகையில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று மாதாமாதம் ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

கூடுதல் வாடகையை விட, தவறாமல் வரும் வாடகையே மேல். ஒழுகாத கூரையும், எழுதி வைத்த ஒப்பந்தமும், நிலைத்து இருக்கும் குடித்தனக்காரரும் கிடைத்தால், அதுவே நல்ல முதலீடு!