தூசி சொல்லும் கணக்கு

பித்தளைத் துண்டொன்றில் துத்தநாகம் எவ்வளவு? முன்னாளில் அமிலத்தில் கரைத்துப் பார்ப்பார்கள், பொழுதெல்லாம் போகும். இன்று லேசர் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். மயிரிழை அகலத்தில் பள்ளம் விழுகிறது. அதிலிருந்து எழும் நுண்தூசியை ஹீலியம் ஏந்திச் செல்ல, ஆர்கான் பிளாஸ்மா அதனை அயனிகளாக்க, நிறை நிறமாலைமானி அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணிவிடுகிறது. 1985-இல் ஆலன் கிரே ரூபி லேசரைக் கொண்டு தொடங்கிவைத்த முறை இது.

திரையில் எண் தோன்றியதும் நம் சங்கத்து ஆராய்ச்சி மாணவர் பலர் கைகூப்பிவிடுகின்றனர். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். அன்பர்களே, கருவி எண்ணியது பித்தளையை அன்று. பித்தளையிலிருந்து கிளம்பிய தூசியை. இரண்டும் ஒன்றுதானா?

துத்தநாகம் 907 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். செம்புக்கோ 2,500 பாகைக்கு மேல் வேண்டும். நானோ நொடி லேசர் பட்ட இடம் உருகிக் கொதிக்கையில் துத்தநாகம் முந்திக்கொண்டு ஆவியாகிறது. (பந்திக்கு முந்துவோர் உலோகங்களிலும் உண்டு போலும்!) அவ்வாவி குளிர்ந்து உறைந்த நானோ துகள்களில் துத்தநாகம் மிகுதி, உருகித் தெறித்த பெருந்துகள்களில் செம்பு மிகுதி. பெருந்துகள்களில் சில வழியிலேயே குழாயில் படிந்துவிடும். தப்பி வந்தவையும் பிளாஸ்மாவைக் கடக்கும் சில மில்லி நொடிக்குள் முற்றும் ஆவியாவதில்லை. ஆகவே துத்தநாகம் உள்ளதினும் கூடுதலாகத் தோன்றுகிறது.

ஃபெம்டோ நொடி லேசர் வந்தால் தீரும் என்பார் உளர். வெப்பம் பரவுமுன் துடிப்பு முடிந்துவிடுவதால் பிழை பெரிதும் குறையும், உண்மையே. முற்றும் தீராது, விலையும் நம் ஆய்வுக்கூடங்களுக்கு எட்டுவதன்று.

பித்தளையில் பிழை நேர்ந்தால் போகட்டும். சிர்க்கான் மணியின் யுரேனிய–ஈய விகிதத்தைக் கொண்டு பாறையின் வயதைச் சொல்லும் நண்பர்கள் இதனைப் புறக்கணிக்கலாமா? பள்ளம் ஆழமாக ஆழமாக, அளவையில் அவ்விகிதம் நகர்ந்துகொண்டே போகிறது. கண்ணாடியை ஒப்பளவாக வைத்துச் சிர்க்கானை அளந்தால் வயதே பிறழும். சிர்க்கானுக்குச் சிர்க்கானே ஒப்பளவு. அதற்கென்றே கனடாவில் கிடைத்த ‘91500’ என்னும் சிர்க்கானைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களும் பகிர்ந்து பயன்படுத்துகின்றன.

நான் புரட்டிப் பார்த்த ஆய்வேடுகளில் எண்களின் அட்டவணை பக்கம் பக்கமாக நீள்கிறது. லேசரின் அலைநீளம், துடிப்பு நேரம், பள்ளத்தின் அகலம், ஒப்பளவு இவற்றுக்கு அரைப் பக்கமும் இல்லை. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எழுதும் கை இவற்றையும் எழுதலாமே! வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்களும் முதற்கேள்வியாக இதனையே கேட்கட்டும்.