ஆக்சிஜன் மெஷின்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

டிஸ்சார்ஜ் அன்னைக்கு வராண்டாவுல நிறுத்தி அடிக்கடி கேட்பாங்க. "டாக்டர், அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்கிடவா, இல்ல வாடகைக்கு எடுக்கவா?" கேட்கும்போதே பையன் பாதி முடிவு பண்ணியிருப்பார். வாடகைன்னா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்களோன்னு ஒரு பயம்.

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியல் ஞாபகம் இருக்கா? ரெண்டு நேர்கோடு எங்க வெட்டிக்கும்னு கண்டுபிடிப்போமே. "இதெல்லாம் வாழ்க்கையில எங்கங்க உதவுது"ன்னு மீம் போடுறோம். இங்க உதவும்.

ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம் (உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க). வாடகை மாசம் 5,000. சொந்தமா வாங்கினா 45,000, அப்புறம் ஃபில்டர், சர்வீஸ்னு மாசம் 500. கரண்ட் பில் ரெண்டுக்கும் ஒண்ணுதான், விட்டுடலாம்.

எக்ஸ் அச்சில் மாதம், ஒய் அச்சில் மொத்தச் செலவு. வாடகைக் கோடு பூஜ்ஜியத்துல கிளம்பி வேகமா ஏறும். வாங்குற கோடு 45,000ல ஆரம்பிச்சு மெதுவா ஏறும். வெட்டுற இடத்துல ரெண்டு செலவும் சமம்:

5,000 × மாதம் = 45,000 + 500 × மாதம்
4,500 × மாதம் = 45,000

10 மாசம், 50,000 ரூபாய். அதுக்குள்ள தேவை முடிஞ்சா வாடகை லாபம், தாண்டினா வாங்கினது லாபம். பிறகு மெஷினை 18,000க்கு வித்துட முடியும்னா, சாய்வு மாறாம கோடு அப்படியே கீழ இறங்கும். வெட்டும் புள்ளி 6 மாசத்துக்கு வந்துடும்.

கணக்கு இவ்ளோதான். கஷ்டம் என்னன்னா, எக்ஸ் அச்சுல இருக்குறது அப்பாவோட மாதங்கள். அதைக் கேட்க யாருக்கும் மனசு வராது. சொல்ல நாங்களும் தயங்குறோம், அது எங்க தப்பு.

நிமோனியா முடிஞ்சு ஆக்சிஜனோட வீட்டுக்குப் போறவங்களை 2-3 மாசத்துல மறுபடி செக் பண்ணணும். பலருக்கு அப்போ தேவையே இருக்காது. சிஓபிடி முற்றி, தினமும் 15 மணி நேரத்துக்கு மேல ஆக்சிஜன் வேணும்னா அது வருஷக்கணக்குல போகலாம், தாராளமா வாங்குங்க. கடைசிக் கட்டப் புற்றுநோய்னா வாடகைதான். அதுல பாசக்குறைவு எதுவும் இல்லீங்க.

நகையை அடகு வெச்சு வாங்கின மெஷின், மூணே வாரத்துல மாலை போட்ட போட்டோவுக்குக் கீழ துணி மூடி நிக்குறதைப் பார்த்திருக்கேன்.

அதனால டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போதே உங்க டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: "சார், இது வாரக்கணக்கா, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா?"