தாலிக்கொடியை நம்பும் வங்கிகள்

கமக்காரனிடம் வங்கிப் பழக்கம் இல்லை, ஆகவேதான் அவன் வட்டிக்காரனிடம் அகப்பட்டு அழிகின்றான் என்னும் வாதம் நமது விரிவுரை மண்டபங்களிலும் ஒலிக்கின்றது. இது உண்மையைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

பெரும்போகம் தொடங்கும் ஐப்பசியில் கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ உள்ள வங்கியொன்றின் அடகுப் பிரிவுக்குச் சென்று பாருங்கள். உழவுக்கூலிக்கும் விதைநெல்லுக்கும் பணந்தேடி வந்தோரை அங்கே காணலாம். வங்கி நகையை நிறுக்கின்றது. வயலைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பயிர் பொய்த்தால் நகை ஏலத்துக்குப் போகும், வங்கிக்கு நட்டமில்லை. வானத்தின் பிழைக்கும் அரசின் பிழைக்கும் பிணைநிற்பது ஒரு பெண்ணின் தாலிக்கொடி! 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் வீழ்ந்தபோது, அம்முடிவை எடுத்தோர் எவரும் தம் வீட்டு நகையை இழக்கவில்லை.

நிலத்தை ஈடுவைக்கலாமே என்பர். குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலோரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். அக்காணியை விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது.

கூட்டுறவையும் கிராமியக் கடனையும் வளர்ப்பதற்கென்றே 1961இல் மக்கள் வங்கி தோற்றுவிக்கப்பட்டது. 1967இலும் 1986இலும் புதிய விவசாயக் கடன் திட்டங்கள் வந்தன. ஆயினும் வெள்ளத்தால் தவணை தவறியவனும் வேண்டுமென்றே தவறியவனும் ஏட்டில் ஒரே கடனாளிதான். அவனுக்கு எஞ்சுபவன் வியாபாரி. விதைப்பு வாரத்திலேயே உரத்தைக் கடனாகத் தருகின்றான். சூடடிக்கும் களத்திலேயே தான் சொன்ன விலைக்கு நெல்லை அள்ளுகின்றான். வட்டி என்ற சொல்லே அங்கு எழாது. அது விலைக்குள் ஒளிந்திருக்கும்.

போர் ஓய்ந்த 2009இன் பின் வடகிழக்கில் பெருகிய நுண்கடன் நிறுவனங்களோ வாராவாரம் தவணை கேட்டன. வாராவாரம் விளையும் நெல் எங்கே உண்டு? வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களை அரசே பொறுப்பேற்கும் திட்டம் 2018இல் தேவைப்பட்டதெனில், பழக்கமின்மை யாரிடம்?

கமநல சேவை நிலையப் பதிவேட்டிலுள்ள வயலையும் நிற்கும் பயிரையும் வங்கிகள் பிணையாக ஏற்கட்டும். அறுவடை முடிந்து, நெல்லை நல்ல விலை வரும்வரை வைத்திருக்க அவகாசம் தந்த பின்னரே தவணை தொடங்கட்டும். பயிர் அழிந்த போகத்தின் கடனில் வங்கியும் தன் பங்கை இழக்கட்டும்.