நயாகராவுக்கு எத்தனை நாள்?

“டொராண்டோவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நயாகராவைக் காட்ட மாப்பிள்ளை இரண்டு நாள் லீவு போடுவதாகச் சொல்கிறார். டிசம்பர் குளிர், எனக்கோ முழங்கால் வலி. ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியாதா?” என்று ஒரு சகோதரி கேட்கிறார்.

தாராளமாக முடியும், அம்மா! அருவிக்கு அருகே போகும் படகு குளிர்காலத்தில் ஓடாது. அதனால் பாதி வேலை குறைந்தது. காரில் இரண்டு மணிப் பிரயாணம். மத்தியான்னம் இரண்டு மணிக்குப் போய்ச் சேருங்கள். 57 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குதிரை லாட அருவியை வெளிச்சத்திலேயே பாருங்கள். திவலை பட்ட மரமெல்லாம் கண்ணாடியாய் உறைந்து நிற்கும். அரை மணி போதும்; அதற்குள் காது மரத்துவிடும்! உள்ளே போய்ச் சூடாகக் காப்பி சாப்பிடுங்கள். ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அருவியின்மேல் வண்ண விளக்கு விழும் அழகை இன்னுமோர் அரை மணி பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

ஒன்று மட்டும். இரவில் பனி கொட்டினால் பிடிவாதம் வேண்டாம், அங்கேயே தங்கிவிடுங்கள். பனிக்கட்டியை நம்பக் கூடாது. உறைந்த ஆற்றின்மேல் ஜனங்கள் உல்லாசமாக நடந்த காலம் உண்டு. 1912-ல் அது உடைந்து மூன்று பேர் மாண்டார்கள். அதன்பின் அங்கே நடக்கத் தடை.

கரையோர நடைபாதையும் வழுக்கும். மகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் எட்ட நின்றால் மாப்பிள்ளை கையைப் பிடிக்கச் சங்கோசப்படாதீர்கள்! மிச்சமாகும் ஒருநாள் லீவில் அவருக்கு மிளகு ரசம் வைத்துப் போடுங்கள், கணக்குத் தீர்ந்துவிடும்.