விலைப்பட்டியலைக் கீழிருந்து வாசியுங்கள்

எங்கள் ஊரில் வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு வீடுகளுக்குள் வந்து சேர்கின்ற பொருள்களின் வரிசை மாறிவிட்டது. கட்டில், தொலைக்காட்சிப் பெட்டி, மோட்டார் சைக்கிள் என்றிருந்த பட்டியலில் இப்போது பிள்ளைகளுக்கான கணினியும் இடம்பிடித்துள்ளது. 2013ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானதும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும், 2020இல் கொரோனாக் காலத்தில் கைப்பேசியின் சின்னஞ்சிறு திரையைப் பார்த்துப் பிள்ளைகள் கண் வருந்தியதும் இதற்கான காரணங்களுள் சிலவாகும்.

இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆனால், அந்தக் கணினி எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றது என்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரியில் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. இறக்குமதியாகும் பொருள் எதுவாயினும் அந்த அடியின் தழும்பு அதன் விலையில் இன்றும் இருக்கின்றது. ஒரு நடுத்தரக் குடும்பம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் கணினி வாங்க முடியும். அந்த ஒரு தடவையும் பிழைத்துப்போனால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு இல்லை.

அண்மையில் நெற்செய்கையாளரான ஒருவர் என்னிடம் ஒரு விலைப்பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"காக்கா, மகளுக்கு கம்பஸ் கிடைச்சிரிக்கி. இத ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. ஐ7 என்டு சொல்றாங்க. ஐ3ய விட ஐ7 பெரிசுதானே?"

பட்டியலின் முதல் வரியில் 'கோர் ஐ7' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எத்தனையாவது தலைமுறை என்பது இல்லை. அடுத்து பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று. பின்னர் 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். கடைசி வரியில், நிற விளக்குகளும் ஆறு விசிறிகளும் பூட்டிய கண்ணாடிக் கேசிங். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பவர் சப்ளையுடன்'. அந்தப் பவர் சப்ளை யாருடைய தயாரிப்பு என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

நான் கணினிப் பொறியியலாளன் அல்லன். கலைத்துறையில் பட்டம் பெற்று, செய்திகளைத் தொலைநகலில் அனுப்பிய காலத்திலிருந்து பத்திரிகைத் தொழிலில் இருப்பவன். ஆயினும் செய்தி ஒன்றில் எது சொல்லப்படவில்லை என்று பார்ப்பது எங்கள் தொழிற்பழக்கம். விலைப்பட்டியலுக்கும் அதே பழக்கம் பொருந்தும் என்பதே என் கருத்து. முதல் வரி விற்பவருக்காக எழுதப்படுவது. வாங்குபவரின் தலைவிதி கடைசி வரியில் இருக்கின்றது.

முதலில் அந்த 'ஐ7'ஐப் பார்ப்போம். விசாரித்ததில் அது ஐ7-3770 என்று தெரியவந்தது. இன்டெல் நிறுவனம் அதனை 2012இல் வெளியிட்டது. நான்கு கோர்கள், எட்டு திரெட்கள். 2022 ஜனவரியில் வெளிவந்த ஐ3-12100இலும் நான்கு கோர்கள், எட்டு திரெட்கள்தாம். ஆனால், இடையில் பத்தாண்டு கால முன்னேற்றம் உண்டு. எல்லா வேலையிலும் அந்தச் 'சின்ன' ஐ3, இந்தப் 'பெரிய' ஐ7ஐ மிக எளிதாக முந்திவிடும். மேலும், மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்குவதற்கு இன்டெல்லில் எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 3770 என்பது மூன்றாவது தலைமுறை. அதாவது, பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைக்கும்போதே அவளது கணினி ஓய்வூதியம் பெற்றுவிட்டது!

உழவு இயந்திரம் வாங்கும்போது எங்கள் விவசாயிகள் பெயின்ற் பூச்சைப் பார்த்து ஏமாறுவதில்லை. எந்த ஆண்டுத் தயாரிப்பு, என்ஜின் எப்படி, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அதே மனிதர் கணினிக் கடைக்குள் நுழைந்ததும் வாயடைத்து நிற்பதற்குக் காரணம் அறியாமை அன்று. அந்த மொழி அவருக்குச் சொல்லித்தரப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த மொழியை இரண்டே கேள்விகளில் சுருக்கிவிடலாம் என்பது எனது அபிப்பிராயம். ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் கேளுங்கள்: இதனைப் பின்னர் சேர்த்துக்கொள்ள முடியுமா? இது பழுதானால் தன்னோடு வேறு எதனையும் கொண்டுபோகுமா?

பின்னர் சேர்க்கக்கூடியதை இப்போது தள்ளிப் போடுங்கள். கிராபிக்ஸ் கார்ட் அத்தகையது. பாடக்குறிப்பு எழுதவும், கணக்குத் தாள் தயாரிக்கவும், நிரல் எழுதிப் பழகவும் அது தேவையில்லை. புரொசசருக்குள்ளேயே உள்ள கிராபிக்ஸ் போதும். இங்கும் ஒரு பொறி உண்டு. இன்டெல் புரொசசரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால், உதாரணமாக 12100எஃப் என்றிருந்தால், அதனுள் கிராபிக்ஸ் இல்லை. சற்று மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால் கிராபிக்ஸ் கார்ட் இன்றித் திரையில் எதுவும் தெரியாது. மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கை அடுத்த வரியில் கொடுக்க நேரும். கட்டடக்கலை, முப்பரிமாண வரைபடம், காணொளித் தொகுப்பு என்று படிப்போரின் தேவை வேறு. அவர்கள் தங்கள் விரிவுரையாளரிடம் எந்த மென்பொருள் தேவை என்று கேட்டுவிட்டே கடைக்குப் போக வேண்டும்.

ரேமும் பின்னர் சேர்க்கக்கூடியதுதான். 2025இன் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் அதன் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களை நோக்கி உற்பத்தி திரும்பியதே காரணம். கிரூஷியல் என்ற பெயரில் சாதாரணப் பாவனையாளருக்கு ரேம் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் எடுத்த முடிவு அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில் எதிரொலிக்கும் காலம் இது. 16 ஜிபி வாங்க வசதி இருந்தால் நல்லது. இல்லையேல் 8 ஜிபியை ஒரே துண்டாக வாங்கி, மதர்போர்டில் மற்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டு துண்டாக இருந்தால் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆனால், 4 ஜிபித் துண்டுகள் இரண்டைப் போட்டு இருக்கும் இரண்டு இடங்களையும் நிரப்பிவிட்டால், நாளை கூட்டும்போது அவற்றைக் கழற்றி வீச வேண்டிவரும்.

இனி இரண்டாவது கேள்வி. தான் பழுதாகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடிய பாகம் பவர் சப்ளை ஒன்றுதான். எங்கள் நாட்டின் மின்சாரத்தை நாம் அறிவோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று செய்த சேட்டையால் நாடே இருளில் மூழ்கியதாகத் துறைசார் அமைச்சரே கூறினார். மின்சாரம் போவதை விட, அது திரும்பி வருகின்ற அந்தக் கணம்தான் ஆபத்தானது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டிய காவற்காரனைத்தான் 'கேசிங்குடன் இலவசம்' என்று வாங்கி வைக்கிறோம்.

பெட்டியில் 600 வாட், 750 வாட் என்று அச்சடித்திருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினி 150 வாட்டை எட்டுவதே அரிது. பெயரறிந்த நிறுவனத்தின் 450 வாட் பவர் சப்ளை, ஊர் பேர் தெரியாத 750 வாட்டை விட எவ்வளவோ மேல். '80 பிளஸ்' முத்திரையும் முழு விடை அன்று. மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகின்றது என்பதை மட்டுமே அது சொல்லும். மின்னழுத்தம் கூடும்போதும், குறுஞ்சுற்று ஏற்படும்போதும் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு உண்டா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். இதனோடு ஒரு சிறிய யூ.பி.எஸ்.ஸும் வாங்கினால், எழுதியதைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்தும் அவகாசம் கிடைக்கும்.

டிஸ்க் விடயத்தில், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை விட 256 ஜிபி எஸ்.எஸ்.டி. மேலானது. பழைய ஹார்ட் டிஸ்க்கினால் தவழும் கணினிகூட எஸ்.எஸ்.டி. பூட்டியதும் எழுந்து ஓடும். கண்ணாடிக் கேசிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புக் காற்று வீசும் கரையோர ஊர் எங்களுடையது. ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினால் கணினி உயிர்பெறுவதை இங்கு பலரும் பார்த்திருப்பர். முன்பக்கம் கண்ணாடியால் அடைபட்ட பெட்டியை விட, காற்றோட்டமும் தூசு வடிகட்டியும் உள்ள சாதாரண இரும்புப் பெட்டியே நமக்கு ஏற்றது. விளக்குகளின் காசை யூ.பி.எஸ்.ஸுக்குக் கொடுக்கலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பாவித்த அலுவலகக் கணினியை வாங்கலாமே என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய, பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டி நல்ல நிலையில் கிடைத்தால், மிகக் குறைந்த வசதியுடையோருக்கு அதுவே சிறந்த தெரிவு. ஆனால், அத்தகைய பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும்; பழுதானால் சந்தையில் உள்ள சாதாரணப் பாகம் பொருந்தாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மடிக்கணினிதான் சரி. வீட்டிலிருந்து படிப்பவருக்கு, தம்பி தங்கையரும் பங்கிட்டுக்கொள்ளக்கூடிய, ஒவ்வொரு பாகமாகத் திருத்தக்கூடிய மேசைக்கணினிதான் நீண்டகாலத்தில் இலாபம்.

கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஐ7 என்றும் விளக்கு என்றும் வாடிக்கையாளர் கேட்கும்போது அதைக் கொடுப்பது வியாபாரம். கேள்வி மாறினால் பட்டியலும் மாறும். ஒவ்வொரு பாகத்தின் முழு மாதிரி இலக்கமும், எந்தப் பாகத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகின்ற கடைக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

கடைசியாக, எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத ஒன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவற்றுள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் காணி உறுதிகளும் கலியாணப் படங்களும் இருந்தன. வீட்டைத் திரும்பக் கட்டியவர்களுக்கும் அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. இன்று அவையெல்லாம் கணினிக்குள் இருக்கின்றன. பிள்ளையின் இறுதியாண்டு ஆய்வும் அதற்குள்தான். எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் சாகும், அதுவும் சொல்லாமல் சாகும். ஆகவே, பட்டியலின் அடியில் உங்கள் கையாலேயே இன்னொரு வரியை எழுதிக்கொள்ளுங்கள்: பிரதி எடுத்து வைக்க, வெளியே கழற்றி வைக்கக்கூடிய டிஸ்க் ஒன்று. பணம் போதாவிட்டால் மேலிருந்து எதையாவது வெட்டுங்கள். அந்த வரியை வெட்டாதீர்கள்.