கந்தகப் புகையும் கப்பல் முதலாளிகளின் கண்ணீரும்

உலக வாணிபப் பொருள்களுள், அளவின்படி நோக்கின், எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவை கப்பல்களிலேயே செல்கின்றன. இத்துணைப் பெரிய தொழிலொன்று, தன்மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டினால் நலிவுற்றதாக முறையிடும்போது அதனைச் செவிமடுத்தல் வேண்டும். ஆயின் செவிமடுத்தல் வேறு, ஏற்றுக்கொள்ளல் வேறு. எரிபொருட் கந்தகம் பற்றிய சர்வதேச விதி கப்பற்றொழிலை நசுக்கிவிட்டது என்னும் வாதம் பிழையானது. அவ்விதியின் உண்மையான குறை அதன் கடுமையன்று. அது அரைகுறையாகவும், கரைக்குக் கரை வேறுபட்டும் இருப்பதே அதன் குறையாகும்.

மசகெண்ணெயிலிருந்து பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்தபின் அடியில் எஞ்சும் தார் போன்ற எண்ணெயே பெருங்கப்பல்களின் எரிபொருளாக நெடுங்காலம் இருந்து வந்தது. சூடாக்கினாலன்றிக் குழாயில் ஓடாத இவ்வெண்ணெயில் கந்தகம் மிகுதி. அது எரியும்போது கந்தகவீரொட்சைட்டாகிறது. வளியில் நுண்துணிக்கைகளாக மாறி நுரையீரலையும் இதயத்தையும் தாக்குகிறது. அமில மழையாகவும் மண்ணிற் பொழிகிறது. மார்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பு 1997 இல் ஏற்கப்பட்டு 2005 இல் நடைமுறைக்கு வந்தபோது அனுமதிக்கப்பட்ட கந்தகத்தின் உச்ச அளவு 4.5 சதவீதமாகும். 2012 இல் அது 3.5 சதவீதமாகவும், 2020 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து 0.50 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது.

இவ்வெண்களை வேறோர் எண்ணுடன் ஒப்பிடுதல் தகும். ஐரோப்பிய வீதிகளில் ஓடும் வாகனங்களின் டீசலில், பத்து இலட்சம் பங்குக்குப் பத்துப் பங்கு கந்தகமே இருக்கலாம். 2020 க்கு முன் கப்பல்களுக்கு இதனைப்போல் 3,500 மடங்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. 'கொடிய விதி' வந்த பின்னரும் 500 மடங்கு அனுமதிக்கப்படுகிறது. பேருந்துக்கு மறுக்கப்பட்டதைக் கப்பலுக்கு ஐந்நூறு மடங்கு வழங்கும் விதியைக் கொடுமை என்பது எவ்வாறு பொருந்தும்?

செலவு கூடியது உண்மையே. 2020 இன் தொடக்கத்தில் பழைய எண்ணெய்க்கும் தாழ்கந்தக எண்ணெய்க்கும் இடையிலான விலை வேறுபாடு தொன்னுக்கு ஏறத்தாழ 300 டொலராயிற்று. ஆனால் சில மாதங்களில், பெருந்தொற்றினால் எண்ணெய் விலை வீழ்ந்தபோது, அவ்வேறுபாடு நூறு டொலருக்கும் கீழிறங்கியது. விதியோ திடீரென வந்ததன்று. 2008 இலேயே தீர்மானிக்கப்பட்டு, 2016 இல் உறுதி செய்யப்பட்டது. அன்றியும், கூடிய செலவைக் கப்பற் கம்பனிகள் எரிபொருட் கட்டணம் என்ற பெயரில் சரக்குக் கூலியுடன் சேர்த்தன. அச்சுமை இறக்குமதியை நம்பி வாழும் நாடுகளின் நுகர்வோர் தலையில் வந்திறங்கியது. 2021, 2022 ஆம் ஆண்டுகளில் கொள்கலன் கப்பற் கம்பனிகள் தம் வரலாறு காணாத இலாபத்தை ஈட்டின. அவ்விலாபம் பெருந்தொற்றுக்கால நெருக்கடியின் விளைவேயன்றி விதியின் விளைவன்று. எனினும் விதியினால் முதுகு முறிந்தோர் அத்தகைய இலாபத்தை ஈட்டியிருத்தல் இயலாது.

செலவைக் கணக்கிடுவோர் உயிரையும் கணக்கிடுதல் வேண்டும். விதியை 2025 வரை பிற்போட்டால் உலகெங்கும் 5,70,000 க்கு மேற்பட்ட அகால மரணங்கள் மேலதிகமாக நேருமென 2016 இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் முன் வைக்கப்பட்ட ஆய்வொன்று மதிப்பிட்டது. இந்த இழப்பு எந்தக் கம்பனியின் ஐந்தொகையிலும் இடம்பெறுவதில்லை.

இனி விதியின் ஓட்டையை நோக்குவோம். புகையைக் கழுவும் 'ஸ்கிரப்பர்' என்னும் கருவியைப் பூட்டிக்கொண்ட கப்பல், பழைய எண்ணெயையே தொடர்ந்து எரிக்கலாம். இவற்றுட் பெரும்பாலானவை கடல்நீரை அள்ளிப் புகையைக் கழுவி, அந்நீரைக் கடலிலேயே விடுகின்றன. அமிலமும், பார உலோகங்களும், புற்றுநோய் விளைக்கவல்ல ஐதரோகாபன்களும் கலந்த நீர் அது. வானுக்குச் செல்லவேண்டிய நஞ்சு மீனுக்குச் செல்கிறது. இதற்குப் பெயர் தூய்மையாம்! சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கருவி பூட்டிய ஏறத்தாழ 3,800 கப்பல்களுட் பாதிக்கு மேற்பட்டவை 2022 இன் இறுதிக்குள்ளேயே முதலீட்டை மீட்டுவிட்டன. அவற்றின் மொத்த உபரி 470 கோடி யூரோ. கழுவுநீரால் போல்ற்றிக் கடலுக்கு 2014 முதல் 2022 வரை விளைந்த தீங்கோ 68 கோடி யூரோவுக்கும் மேலென அவர்கள் மதிப்பிட்டுள்ளனர். உபரி தனியாருக்கு, தீங்கு அனைவருக்கும்.

1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 195 ஆம் உறுப்புரை, ஒருவகை மாசை மற்றொரு வகை மாசாக மாற்றலாகாது எனத் தெளிவாகக் கூறுகிறது. அவ்வுடன்படிக்கையை உருவாக்கிய மாநாட்டுக்கு, 1980 இல் மறையும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க என்பதை நாம் மறத்தலாகாது. சிங்கப்பூர் 2020 இல் தன் துறைமுக நீரிலும், டென்மார்க் 2025 இல் தன் ஆட்புலக் கடலிலும் இத்தகைய கழுவுநீரைத் தடை செய்தன. எனவே தடை இயலாததன்று.

அண்மையில் மற்றொரு வாதமும் எழுந்துள்ளது. கந்தகத் துணிக்கைகள் முகில்களை வெண்மையாக்கிச் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பின. அவை குறைந்ததனால் புவி மேலும் வெப்பமடைகிறது. ஆகவே விதி தவறென்பர். முற்கூற்று அறிவியல் உண்மை; முடிவு தருக்கப் பிழை. வெப்பத்தை விளைப்பது காபனீரொட்சைட்டு. கந்தகம் அதனை மறைத்த திரை மட்டுமே. சில நாட்களிற் கரையும் திரைக்காக, நூற்றாண்டுகள் நிலைக்கும் வாயுவை மன்னித்து, துறைமுக நகரத்துக் குழந்தைகளை நஞ்சை மூச்சிழுக்கச் சொல்வது எந்த அறம்?

இறுதியாக, எம்மை நேரடியாகத் தொடும் அநீதி. வட அமெரிக்கக் கரைகளிலும், போல்ற்றிக், வட கடல்களிலும் 2015 முதல் எல்லை 0.10 சதவீதமாகும். 2025 மே முதல் மத்தியதரைக் கடலும் அவ்வரிசையிற் சேர்ந்தது. இந்து சமுத்திரத்தில் அத்தகைய வலயம் ஒன்றேனும் இல்லை. தேவேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் பெருங்கடற்பாதைகளுள் ஒன்று செல்கிறது. அப்பாதை சுமாத்திராவை நோக்கி நீளும் கடற்பரப்பின் மேல், அயலிலுள்ள கடலைவிட ஏறத்தாழ இருமடங்கு மின்னல் வீழ்வதை 2017 இல் ஓர் ஆய்வு காட்டிற்று. கப்பற்புகையின் துணிக்கைகளே அதற்குக் காரணமெனவும் அது கூறிற்று. வானமே சாட்சி கூறும் மாசு இது. ஒரே கப்பல் ரொட்டர்டாமை நெருங்கும்போது தூய எண்ணெய்க்கு மாறுகிறது. எம் கரையைக் கடக்கும்போது மாறவேண்டியதில்லை. ஐரோப்பியனின் நுரையீரல் எம்மவரின் நுரையீரலிலும் ஐந்து மடங்கு பெறுமதியுடையதா?

இவ்வலயங்கள் கேளாதார்க்கு வழங்கப்படுவதில்லை. கரையோர அரசுகள் ஒன்றுகூடி ஆதாரங்களுடன் முன்மொழிதல் வேண்டும். ஆதாரம் திரட்டுதல் அறிஞர் பணி. கடல்நீரையும் வளியையும் அளக்கவும், சட்டத்தை ஆராயவும், மீனவர் சார்பிற் பேசவும் பல்கலைக்கழகங்கள் முன்வருதல் வேண்டும். இந்து சமுத்திரத்துக்கும் 0.10 சதவீத எல்லை, கழுவுநீருக்கு முழுத்தடை, செலவை ஏழை நாடுகளின் மீது சுமத்தாத ஏற்பாடு ஆகிய இம்மூன்றும் கெஞ்சிப் பெறும் சலுகைகளல்ல. கடலோரத்தில் வாழும் மக்களின் உரிமைகள்.