தகவல் இல்லாதவனுக்குத் தூக்கா?

2025 அக்டோபர் 8-ஆம் தேதி சாங்கி சிறையில் பன்னீர் செல்வம் பரந்தாமன் தூக்கிலிடப்பட்டார். மலேசியர். கொண்டு சென்றது 51.84 கிராம் ஹெரோயின். "கடத்தினான், அனுபவித்தான், நமக்கென்ன?" என்று சொல்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். போதையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் நம் அடுக்குமாடிகளிலும் தோட்டத்து லயங்களிலும் உண்டு. கடத்தியவனுக்குத் தண்டனை வேண்டும், நீண்ட காலச் சிறையும் வேண்டும். ஆனால் உயிரை எடுப்பதா என்பது வேறு கேள்வி. அதைவிடக் கசப்பான கேள்வி, யாருடைய உயிர் என்பது!

சிங்கப்பூர்ச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 15 கிராமுக்கு மேல் ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை. 2012-இல் சட்டத்தைத் திருத்தி ஒரு சிறு கதவைத் திறந்தார்கள். நீ வெறும் சுமைகூலிதான் என்று நிரூபிக்க வேண்டும். அதோடு, கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினாய் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சான்றிதழ் தர வேண்டும். இரண்டும் இருந்தால் நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கொடுக்கலாம். பன்னீர் சுமந்து சென்றவர் மட்டுமே என்பதை நீதிமன்றமே ஏற்றது. சான்றிதழ் கிடைக்கவில்லை, கயிறு கிடைத்தது.

இங்கேதான் அறம் தலைகீழாக நிற்கிறது. கும்பலின் உள்விவகாரம் தெரிந்தவன் சொல்வதற்கு ஏதாவது வைத்திருப்பான். ஜொகூரில் ஒரு பொட்டலத்தை வாங்கி உட்லண்ட்ஸைத் தாண்டும் பையனுக்கு என்ன தெரியும்? ஒரு செல்லப் பெயரும் கைப்பேசி எண்ணும்! குற்றத்தில் எவ்வளவு சிறியவனோ, அவ்வளவு குறைவாகத் தெரியும். குறைவாகத் தெரிந்தால் சாவு. குற்றத்தின் அளவுக்கா இங்கே தண்டனை?

நாகேந்திரன் தர்மலிங்கத்தை மறந்துவிட்டோமா? ஈப்போக்காரர். 2009-இல் தொடையில் 42.72 கிராம் ஹெரோயினைக் கட்டிக்கொண்டு பிடிபட்டார். அறிவுத்திறன் அளவு 69. பொறுப்பை உணரும் திறன் கணிசமாகக் குறையவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரல் 27-இல் தூக்கிலிட்டார்கள்.

மறுபக்கம் சொல்வது, தூக்குப் பயம்தான் ஊரைக் காப்பாற்றுகிறது என்று. கடனில் கழுத்துவரை மூழ்கியவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டா பையைத் தூக்குகிறான்? பயப்பட வேண்டிய முதலாளி எல்லையைத் தாண்டுவதே இல்லை. ஒருவனைத் தூக்கிலிட்டால் அடுத்தவனைப் பிடித்துக்கொள்வான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கா பஞ்சம்!

நம் நாட்டைப் பற்றியும் பேச வேண்டும். 2021-இல் நாகேந்திரனுக்காகப் பிரதமர் இஸ்மாயில் சப்ரி சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதினார். நல்லது. ஆனால் அன்று நம் சட்டத்திலும் கட்டாயத் தூக்கு இருந்தது! 2023-இல்தான் அந்தக் 'கட்டாயம்' நீக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்குத் தண்டனையை மறுஆய்வு செய்யக் கேட்கும் வழி பிறந்தது. நீதிபதி இப்போது ஆளைப் பார்த்து, சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். தூக்குக் கயிறு மட்டும் இன்னும் சட்டத்தில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அக்கரையில் வேலை செய்யும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தங்கராஜு சுப்பையா சிங்கப்பூர்க்காரர். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கஞ்சா வழக்கில் 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். வாக்குமூலத்தின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்று அவர் சொன்னார், நீதிமன்றம் அதை நம்பவில்லை. ஆகவே பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள்: நண்பனானாலும் பிறர் பையைத் தூக்காதே. எந்த வழக்கில் மாட்டினாலும், முதல் வாக்குமூலத்திலேயே தமிழில் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள். கேட்டதை எழுத்தில் பதியச் சொல். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே.